என் மேனேஜருக்கு என் மகளைவிட ஒரு வயது குறைவு: 36 வருஷ கேஷியர் கேட்கிறேன்

குற்றாலச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)
2025 அக்டோபர் 12, இரவு 10:20

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துப் படியுங்கள். தென்காசிப் பக்கம் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் ஹெட் கேஷியராக இருக்கிறேன். வயது 58. 1989இல் பி.எஸ்.ஆர்.பி. (அப்போது வங்கிகளுக்கு ஆள் எடுத்த வாரியம்) பரீட்சை எழுதி உள்ளே வந்தவன். 2027இல் ரிட்டயர்மென்ட். ஜூன் மாதம் எங்கள் கிளைக்குப் புது மேனேஜர் வந்தார். தர்மபுரிப் பக்கத்துப் பெண், 29 வயது.

சின்ன வயசுக்காரரிடம் வேலை பார்க்க மாட்டேன் என்று சொல்கிறவன் இல்லை நான். கம்ப்யூட்டரைக் கண்டு பயந்தவனும் இல்லை. கையால் லெட்ஜர் எழுதினேன், அப்புறம் ஏ.எல்.பி.எம். என்ற லெட்ஜர் மெஷினில் போஸ்டிங் போட்டேன், கிளைகளையெல்லாம் ஒன்றாக இணைக்கிற கோர் பேங்கிங் வந்தபோது ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கணக்குகளை மாற்றினேன். 2016 நவம்பரில் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது காலை எட்டு மணிக்குக் கவுண்ட்டரில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ராத்திரி ஆகும். எல்லாம் பார்த்தாயிற்று.

போன வியாழக்கிழமை ராத்திரி 9:40. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். கிளையின் வாட்ஸ்அப் குழுவில் மெசேஜ்: "ஹெட் கேஷியர் இந்த மாதம் இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்றுகூடக் கொண்டுவரவில்லை. காரணத்தை நாளை காலைக்குள் சொல்லவும்." அந்தக் குழுவில் தினக்கூலிக்கு வரும் பையனும் இருக்கிறான். அவன் பிறப்பதற்கு முன்னாலேயே நான் ஸ்ட்ராங் ரூம் சாவி வைத்திருந்தவன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

பாலிசி ஏன் கொண்டுவரவில்லை? எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் பீடி சுற்றுகிற பெண்கள். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். வருஷம் 25,000 ரூபாய் கட்டுகிற பாலிசியில் முதல் வருஷத்தைச் சேமிப்பிலிருந்து கட்டிவிடுவார்கள். அடுத்த வருஷம் கட்ட முடியாமல் போனால் போட்ட காசு முழுசாகத் திரும்பி வராது. அதை நான் எப்படி விற்பேன்? இதை என்னிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

யூனியனிடம் போகச் சொல்கிறார்கள். எனக்கு மனசில்லை. இருக்கிற ஒன்றேமுக்கால் வருஷத்தை மரியாதையாகக் கழிக்க வேண்டும். உங்களில் யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள்.

---

நேர்வழி
அக்டோபர் 12, இரவு 10:51

சம்பளம் வாங்குகிறோம், சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். அவர் வயசைப் பார்க்காதீர்கள், நாற்காலியைப் பாருங்கள். நீங்களும் ப்ரமோஷன் எழுதியிருந்தால் இன்று அந்த நாற்காலியில் இருந்திருப்பீர்கள்.

---

குற்றாலச்சாரல்
அக்டோபர் 12, இரவு 11:08

எழுத வாய்ப்பு வந்தது. 2002இல். ஆபீசர் ஆனால் வேறு மாநிலத்தில் போஸ்டிங். அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார், மகளுக்கு ஏழு வயது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அப்பா அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். அந்த முடிவுக்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

---

பழைய_லெட்ஜர்
அக்டோபர் 13, காலை 6:15

நேர்வழி சொன்னது போல நாற்காலியைப் பார்த்தால் மட்டும் போதாது, அந்த நாற்காலிக்கு 29 வயதுக்காரர் எப்படி வந்தார் என்றும் பார்க்க வேண்டும். நான் 2014இல் ஓய்வு பெற்றவன், கடைசியில் சீஃப் மேனேஜர்.

1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் அரசுடைமை ஆயின, 1980 ஏப்ரலில் இன்னும் 6. கிராமத்துக்குக் கிராமம் கிளை திறந்தார்கள். அந்த அலையில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஆள் எடுத்தார்கள். சாரல் அந்த அலையின் கடைசியில் வந்தவர். தொண்ணூறுகளில் ஆள் எடுப்பது கிட்டத்தட்ட நின்றே போனது. 2000-01இல் வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது, ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் ஒரே வீச்சில் வெளியே போனார்கள். பி.எஸ்.ஆர்.பி.யையே கலைத்துவிட்டார்கள். மறுபடி பெரிய அளவில் ஆள் எடுக்கப் பல வருஷம் ஆனது. இப்போது வங்கிகளுக்குப் பொதுவாக ஆள் எடுக்கிற ஐ.பி.பி.எஸ். தேர்வு தொடங்கியது 2011இல்.

சாரல், உங்கள் கிளையில் 40க்கும் 50க்கும் நடுவே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். உங்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் இருக்க வேண்டியவர்களை வங்கி எடுக்கவே இல்லை. எங்கள் காலத்தில் புது ஆபீசர் வந்தால் பத்து வருஷ சீனியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதைக் குழுவில் சொல்வது, எதைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்வது என்று கற்றுக்கொடுப்பார். அந்தப் பெண்ணுக்கு அப்படி யாரும் இல்லை. உங்கள் வலி உண்மை, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்மேல் மட்டும் அதை இறக்கி வைக்காதீர்கள்.

---

குற்றாலச்சாரல்
அக்டோபர் 13, காலை 7:02

ஐயா, எண்ணிப் பார்த்தேன். எட்டுப் பேரில் ஒருவர்தான். அவரும் முன்னாள் ராணுவ வீரர், பட்டாளத்திலிருந்து வந்து கிளார்க்காகச் சேர்ந்தவர். மற்றவர்கள் ஒன்று 55க்கு மேல், இல்லை 35க்குக் கீழ். இத்தனை வருஷம் அந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன், இது கண்ணில் படவே இல்லை.

---

ஸ்கேல்2
அக்டோபர் 13, இரவு 9:30

சார், வணக்கம். நான் உங்கள் மேனேஜர் இருக்கிற அதே நாற்காலியில் இருப்பவன். வேறு வங்கி, வேறு மாவட்டம். வயது 32. பி.ஓ.வாக, அதாவது பயிற்சி ஆபீசராகச் சேர்ந்து, மூன்றாவது ஊரில் கிளையைக் கையில் கொடுத்தார்கள்.

முதலில் ஒன்று: குழுவில் போட்டது தப்பு. நானும் செய்திருக்கிறேன். ஏன் செய்தேன் என்று சொல்கிறேன். காலையில் வட்டார அலுவலகத்திலிருந்து கான்ஃபரன்ஸ் கால். ஜீரோ போட்ட கிளைகளின் பெயரை வாசிப்பார்கள். உங்கள் கிளைப் பெயர் வந்தால் இருபது முப்பது மேனேஜர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது பதில் சொல்ல வேண்டும். சாயங்காலம் மறுபடி. ராத்திரி ஒன்பது மணிக்கு எக்செல் ஷீட் கேட்பார்கள். என்னை எந்தக் குரலில் கேட்டார்களோ, அதே குரலில் நான் கீழே கேட்டேன். வேறு குரல் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, கொஞ்சம் கசப்பாக இருக்கும். எனக்குக் கிளை கிடைத்த முதல் வாரம், அங்கிருந்த ஹெட் கேஷியர் எதையுமே சொல்லமாட்டார். கேட்டால் "உங்களுக்குத் தெரியாததா சார்" என்பார். ஸ்ட்ராங் ரூம் கதவில் என் சாவியைப் போட்டுத் திருப்புகிறேன், திரும்பவில்லை. அந்தக் கதவைக் கொஞ்சம் தோளால் அழுத்திக்கொண்டு திருப்ப வேண்டும். அது அவருக்குத் தெரியும். பத்து நிமிஷம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள், எனக்கு வியர்த்து ஊற்றுகிறது. அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் பேசும்போது அழுதுவிட்டேன், 29 வயசில்.

நீங்கள் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் அந்த மேடம் தனியாக ஊரைவிட்டு வந்திருக்கிறார். ஜூனிலிருந்து அவரோடு உட்கார்ந்து யாராவது மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டீர்களா?

---

திருப்பூர்_கட்டிங்
அக்டோபர் 14, இரவு 11:40

நான் பேங்க் இல்லைங்க. பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர், 30 வருஷம். படிச்சுட்டு தோணினதால எழுதறேன். இதை யாருகிட்டயும் சொன்னதில்லை.

பெரியவருக்கு உடம்பு முடியாம போய், சின்னவர் வந்து உட்கார்ந்தாரு. 26 வயசு, எம்.பி.ஏ. நான் அவரைத் தூக்கி வெச்சு நூல்கண்டுல விளையாட்டுக் காட்டினவன். வந்த ரெண்டாவது மாசம் ஒரு ஆர்டர். லைக்ரா கலந்த சிங்கிள் ஜெர்சி. அந்தத் துணியை ரோல்ல இருந்து பிரிச்சுப் போட்டு ஒரு நாள் ஆறவிடணும்ங்க. இழுத்துச் சுத்தின துணி, அது தன்னால சுருங்கி அடங்கினதுக்கு அப்புறம்தான் லேயர் போட்டு வெட்டணும். இல்லைன்னா வெட்டினதுக்கு அப்புறம் பீஸ் சுருங்கும்.

அவரு வந்து, "ஷிப்மென்ட் இருக்கு மாஸ்டர், இன்னைக்கே வெட்டுங்க"ன்னாரு. அதுக்கு முந்தின நாள் எல்லார் முன்னாடியும் என்னை, "பழைய காலத்துலயே இருக்கீங்க"ன்னு சொல்லியிருந்தாரு. நான், "சரிங்க"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். வெட்டினேன். 2,400 பீஸ் அளவு குறைஞ்சு போச்சு.

நான் பொய் சொல்லலை. சொன்ன வேலையைச் செஞ்சேன். யாரும் என்னைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அந்தக் கத்தியைப் பிடிச்சுக் கொண்டுபோகும்போது என் மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். சின்னவர் அந்தப் பீஸைக் கையில வெச்சுட்டு, "உங்களுக்குத் தெரியாதா மாஸ்டர்?"னு கேட்டாரு. சத்தம் போடலை. மெதுவாத்தான் கேட்டாரு. நான் கீழ பார்த்துட்டு நின்னேன்.

பெரியவர்கிட்ட அவரு அதைச் சொல்லவே இல்லை. நஷ்டத்தைத் தன் பேர்ல எழுதிக்கிட்டாரு. ரெண்டு வாரம் கழிச்சு நானே போய் சொன்னேன், தெரிஞ்சுதான் வெட்டினேன்னு. ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "இனிமே சொல்லிருங்க, நான் கேக்கலைன்னாலும் சொல்லிருங்க"ன்னாரு. இப்ப ஆறு வருஷம் ஆச்சு. அந்த 2,400 பீஸ் இன்னும் கண்ணு முன்னாடி நிக்குதுங்க.

---

மடிப்பாக்கம்_மாடி
அக்டோபர் 15, காலை 8:10

மாஸ்டர், இதை எழுதினதுக்கு நன்றி.

சாரல் அங்கிள், ஒன்று கேட்கலாமா? நான் ஐ.டி.யில் டீம் லீட், 28 வயசு. என் டீமில் 47 வயசு சார் ஒருத்தர் இருக்கிறார். நல்லவர். ஆனால் க்ளையன்ட் காலில் நான் பேசி முடித்ததும், "பாப்பா சொல்றது என்னன்னா..." என்று ஆரம்பிப்பார். அன்போடுதான் சொல்கிறார். அதற்குப் பிறகு அந்தக் காலில் யாரும் என்னிடம் கேள்வி கேட்பதில்லை, அவரிடம்தான் கேட்கிறார்கள். 29 வயசு ஆண் ஒருவர் மேனேஜராக வந்திருந்தால் நீங்கள் எப்படிக் கூப்பிட்டிருப்பீர்கள்? இந்த மேடத்தை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்?

---

குற்றாலச்சாரல்
அக்டோபர் 15, இரவு 10:05

மூன்று நாளாக வாசித்துக்கொண்டே இருந்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை.

மடிப்பாக்கம் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். வந்த புதிதில், கவுண்ட்டருக்கு முன்னால் கூட்டம் நிற்கும்போது, "இங்க வாம்மா, இதைப் பாரு" என்று சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. என் மகளிடம் பேசுகிற பழக்கத்தில் வந்தது. அதற்கு முன்னால் இருந்த மேனேஜருக்கு 34 வயது, ஆண். அவரை முதல் நாளிலிருந்தே சார் என்றுதான் கூப்பிட்டேன். யாரும் சொல்லித்தரவில்லை.

சாப்பாடு விஷயம். மேடம் தன் கேபினில் தனியாகத்தான் சாப்பிடுகிறார். நாங்கள் பின்னால் ரெக்கார்டு ரூமில் சாப்பிடுவோம். யாரும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலையில் பத்து நிமிஷம் கேட்டு உள்ளே போனேன். பாலிசி விஷயத்தைச் சொன்னேன். பீடிக்காரப் பெண்களுக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீடு போடுகிறேன், 436 ரூபாய் ஆயுள் காப்பீடு போடுகிறேன், எத்தனை வேண்டுமானாலும் போடுகிறேன், மனசு உறுத்தாது, இந்த 25,000 ரூபாய் பாலிசி மட்டும் வேண்டாம் என்றேன். "அது ஷீட்ல வேற கட்டத்துல வரும் சார். டார்கெட்டை நான் வைக்கலை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. குழுவில் போட்டதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நேற்றிலிருந்து மேடம் என்று கூப்பிடுகிறேன். வாய் இன்னும் தடுக்குகிறது.

---

நேர்வழி
அக்டோபர் 15, இரவு 10:31

முதலில் கடுமையாக எழுதிவிட்டேன். உங்கள் அப்பா விஷயம் தெரியாமல் ப்ரமோஷன் பற்றிச் சொன்னதற்கு மன்னிக்கவும்.

பாலிசி விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. அந்தக் காரணத்தை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுங்கள். கான்ஃபரன்ஸ் காலில் அவருக்கும் சொல்ல ஏதாவது வேண்டுமல்லவா?

---

குற்றாலச்சாரல்
அக்டோபர் 19, மதியம் 3:45

நாளை தீபாவளி. வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைத்திருக்கிறார்கள். நேற்று நடந்ததை எழுதிவிட்டுப் போகிறேன்.

நேற்று சனிக்கிழமை, வேலை நாள். பண்டிகைக் கூட்டம். பீடி போனஸ் எடுக்க வந்தவர்கள் வாசல் வரை. சாயங்காலம் கேஷ் குளோஸ் பண்ணும்போது 900 ரூபாய் குறைகிறது. மூன்று தடவை எண்ணினேன். அதே 900. மேடத்துக்கு ராத்திரி 9:15க்குத் தென்காசியிலிருந்து சேலம் பஸ். பை மேஜைமேல் கட்டி வைத்தபடி இருக்கிறது. நான், "கையிலிருந்து போட்டுவிடுகிறேன் மேடம், நீங்கள் கிளம்புங்கள்" என்றேன். கேஷியர்கள் செய்கிற வழக்கம்தான். "உங்க காசு எதுக்கு சார், எங்கயோ இருக்கு, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வவுச்சர் கட்டைத் தூக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

900 என்றதுமே எனக்குத் தோன்றியது. ஒன்பதால் வகுபடுகிற வித்தியாசம் என்றால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார். "எப்படி சார்?" என்று கேட்டு ஒரு சலானின் பின்பக்கம் எழுதிப் பார்த்தார். பிறகு அவர் ஸ்கிரீனைப் பார்த்து வாசிக்க, நான் ஸ்லிப்பைப் பார்த்துச் சரி சொல்ல, பாதிக் கட்டுக்கூடத் தாண்டவில்லை, கிடைத்துவிட்டது. ஒரு அம்மா 5,400 கேட்டு எழுதியிருக்கிறார். ஸ்லிப்பின் பின்னால் என் கையெழுத்தில் 500 பத்து, 100 நாலு என்று சரியாக இருக்கிறது. கொடுத்ததும் 5,400. கம்ப்யூட்டரில் நான் அடித்தது 4,500. நான் தனியாகவே பாஸ் பண்ணக்கூடிய லிமிட்டுக்குள் இருந்ததால் வேறு யார் கண்ணுக்கும் போகவில்லை.

தப்பு என்னுடையது. 36 வருஷத்தில் இப்படி விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான். அப்போதுதான் சொன்னேன், இடது கண்ணில் புரை இருக்கிறது, ஏப்ரலிலேயே டாக்டர் ஆபரேஷன் சொல்லிவிட்டார், கவுண்ட்டரிலிருந்து மாற்றிவிடுவார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை என்று. என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். மேடம் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நவம்பர்ல பென்ஷன்காரங்க லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்க வருவாங்கல்ல சார், அந்தக் கூட்டத்துல நீங்க இல்லாம முடியாது. தீபாவளி கழிச்ச வாரமே ஆபரேஷன் வெச்சுக்குங்க, லீவு நான் போட்டுத் தரேன்" என்றார். பீடி சுற்றித் தேய்ந்த விரல் மெஷினில் ரேகை விழாது, முகத்தைக் காட்டிப் பதியும் முறையை முன்னாடியே தயார் பண்ணி வையுங்கள் என்று நான் ஜூலையில் சொன்னது அவருக்கு நினைவிருக்கிறது. அன்று பதிலே சொல்லாமல் போனதால் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

ஸ்ட்ராங் ரூமில் அவர் சாவி, என் சாவி, பூட்டியபோது மணி 8:10. என் டி.வி.எஸ்.ஸில் உட்காரவைத்துத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். ராத்திரி 9:20க்கு ஒரு மெசேஜ். குழுவில் இல்லை, எனக்குத் தனியாக. "பஸ் கிடைத்துவிட்டது சார்."

பாலிசி விஷயம் அப்படியேதான் இருக்கிறது. நேர்வழி சொன்னபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன், வாங்கி வைத்துக்கொண்டார். என்ன ஆகும் என்று தெரியவில்லை. கணக்கில் குறைத்துக் கழித்த அந்த 900 ரூபாயைச் சரிசெய்ய வாடிக்கையாளர் அம்மாவிடம் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும், அவர் வீடு எனக்குத் தெரியும்.

---

திருப்பூர்_கட்டிங்
அக்டோபர் 19, மாலை 4:30

கண்ணைப் பார்த்துக்குங்க அண்ணாச்சி. தீபாவளி வாழ்த்துங்க.

---

ஸ்கேல்2
அக்டோபர் 19, இரவு 8:12

சார், படித்ததும் மனசு லேசாக இருந்தது. ஒரு உதவி. அந்த ஒன்பது கணக்கு எனக்குத் தெரியாது. எங்களுக்கு ட்ரெயினிங்கில் யாரும் சொல்லவில்லை. கொஞ்சம் விளக்க முடியுமா? என் கிளையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் சொல்லித்தருவேன்.

---

குற்றாலச்சாரல்
அக்டோபர் 19, இரவு 9:05

சொல்கிறேன். பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 72ஐ 27 என்று போட்டால் 45. 5,400ஐ 4,500 என்று போட்டால் 900. அந்த 900ஐ ஒன்பதால் வகுத்தால் 100 வருகிறதல்லவா, அதிலேயே இரண்டு செய்தி இருக்கிறது. மாறியது நூறும் ஆயிரமும் இருக்கிற இடம். 100இல் உள்ள ஒன்று, அந்த இரண்டு இலக்கத்துக்கும் நடுவே ஒன்றுதான் வித்தியாசம் என்று சொல்கிறது. அதனால் 12-21, 45-54, 78-87 மாதிரி ஜோடிகளை மட்டும் தேடினால் போதும், முழுக்கட்டையும் பார்க்க வேண்டாம். பூஜ்யம் ஒன்று விட்டுப்போனாலும் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும், 1,000ஐ 100 என்று அடித்தாலும் அதே 900தான், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒன்பதால் வகுபடவில்லை என்றால் வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள். அந்தப் பாதித் தொகைக்கு வவுச்சர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். வரவில் போட வேண்டியதைப் பற்றில் போட்டிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் காட்டும்.

இதை எனக்கு 1990இல் ஒரு ஹெட் கேஷியர் சொல்லித்தந்தார். இன்னும் நாலைந்து இருக்கிறது, கண் ஆபரேஷன் முடிந்து வந்து எழுதுகிறேன்.